வழு நாடலும் வழு நீக்கலும்

வழு என்பது தமிழ் இலக்கணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் சொல் நெறி தவறி நிற்பதை வழு என்று இலக்கண நூலார் வகுத்தனர். இக்காலத்தில் அச்சொல் புதியதோர் இல்லத்திலும் குடிபுகுந்துள்ளது. கணினியை இயக்கும் செய்நிரலில் நேரும் பிழையை வழு என்றும், அதனைக் கண்டு களைவதை வழுநீக்கல் என்றும் கலைச்சொல் ஆக்கியோர் வழங்குகின்றனர். பழைய சொல் புதிய பொருளுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்தியது வியப்புக்குரியதன்று. பிழை எங்கே தோன்றினும் அதனைத் தேடும் நெறி ஒன்றே.

அந்நெறியை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துச் சொன்னார். நோய் இன்னதென முதலில் அறிதல் வேண்டும். அடுத்து அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பின்னர் அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல் வேண்டும். இறுதியாக அவ்வழியைப் பொருந்தச் செய்தல் வேண்டும். வரிசை மாறினால் மருந்தே நஞ்சாகும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வரிசையை மக்கள் இடர் வந்த வேளையில் கைக்கொள்வது அரிது. காரணத்தை அறியாமலே மருந்தைத் தேடி ஓடுவதே உலக வழக்கம். இதற்கு இலங்கை வரலாற்றில், அதுவும் கண்டி மாநகருக்கு அண்மையிலேயே, தெளிவான சான்று ஒன்று உண்டு. அது கணினி பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னர், பேராதனைப் பூங்காவில் நிகழ்ந்தது.

இன்று கண்டியைச் சூழ்ந்த மலைகளெங்கும் தேயிலை காண்கிறோம். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மலைகளை ஆண்டது கோப்பி. 1820களில் கம்பளைக்கு அருகிலும், பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்குள் மலைக்காடுகள் அழிந்து, பள்ளத்தாக்குத் தோறும் கோப்பி பரந்தது. 1870 அளவில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. 1867-இல் கண்டிக்கு ஓடத் தொடங்கிய புகையிரதமும் கோப்பியின் பொருட்டே போடப்பட்டது எனலாம்.

இச்செல்வத்தைச் சுமந்த தோள்கள் தமிழருடையவை. தென்னிந்திய மாவட்டங்களிலிருந்து வறுமையால் உந்தப்பட்ட மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். நீரும் நிழலும் அரிதான காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். எஞ்சியோர் கோப்பிப் பழம் பறித்துப் பருவம் முடிந்ததும், பெரும்பாலும், ஊர் திரும்பினர். ஆகவே கோப்பியிலையில் தோன்றும் ஒரு புள்ளி இவர்களது உலையில் ஏறும் அரிசியையும் தொட்டது.

அப்புள்ளி 1869-இல் தோன்றியது. ஊவா நாட்டின் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலையின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருப்பதைக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்கிளி என்னும் பாதிரியார், பூஞ்சண ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், அவ்வாண்டின் நவம்பர் மாதத்தில் அதனைப் புதியதொரு பூஞ்சணம் என அறிவித்து, ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். வித்தியின் ஒரு பாதி முட்களுடனும் மறு பாதி வழுவழுப்பாகவும் இருந்தமையால் பாதி வழுவழுப்பானது என்னும் பொருளில் முதற் சொல்லும், பாழாக்குவது என்னும் பொருளில் இரண்டாவது சொல்லும் அமைந்தன. தோட்டத்துரைமாரோ அப்பெயரை வாயில் நுழையுமாறு மாற்றி, நாசகார எமிலி என்று வேடிக்கையாக அழைத்தனர். வேடிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை.

ஈண்டு ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். நோயின் பெயர் முதலாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பெயர் தெரிந்ததனால் காரணம் தெரிந்ததாகாது. பூஞ்சணம் நோய்க்குக் காரணமா, அன்றி நலிந்த செடியின்மேல் பின்னர் வந்து குடியேறியதா என்னும் வினாவுக்கு விடையில்லை. மண் வளம் குன்றியதே காரணம் என்றார் ஒருவர். உரம் போதவில்லை என்றார் மற்றொருவர். மழை மிகுதி என்றும், செடியின் முதுமை என்றும் வேறு சிலர் கூறினர். எருவிட்டனர், சுண்ணாம்பும் கந்தகமும் தூவினர், கிளைகளைக் கழித்தனர். பல மருந்துகளை ஒருங்கே இட்டமையால், நோய் சற்றுத் தணிந்தபோதும் எதனால் தணிந்தது என்று எவராலும் சொல்ல இயலவில்லை. வறண்ட காலம் வந்தால் நோய் தானே அடங்கும். அவ்வேளை எந்த மருந்தை இட்டிருந்தாரோ அதுவே கண்கண்ட மருந்தெனத் துரைமார் புகழ்ந்தனர். அடுத்த பருவக்காற்று வந்ததும் அம்மருந்தின் புகழ் மறைந்தது.

இதனினும் பெரிய மயக்கம் ஒன்றும் இருந்தது. முன்னர் ஏக்கருக்கு நாலரை அந்தர் அளவில் இருந்த விளைவு, பத்தாண்டுகளில் இரண்டு அந்தர் அளவுக்குக் குறைந்தது. ஆயினும் அதே காலத்தில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்தது. குறைந்த விளைவுக்கும் நிறைந்த பணம் கிடைத்தமையால், நோயுற்ற தோட்டத்தைச் சீர்செய்வதினும் புதுக் காட்டை வெட்டிக் கோப்பியிடுவதே இலாபமெனத் தோன்றியது. 1870களின் இறுதியில் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராகப் பெருகியது. விலையுயர்வு குறையை மூடி மறைத்தது. குறையோ மறைவில் வளர்ந்தது.

இந்நிலையில் அரசாங்கம் நோயை ஆராயவென ஓர் அறிஞரை வரவழைத்தது. 1880-இல் பேராதனைக்கு வந்த ஹரி மார்ஷல் வார்டு அப்போது இருபத்தாறு வயதும் நிரம்பாத இளைஞர். அவர் மருந்தோடு வரவில்லை; நுணுக்குக்காட்டியோடு வந்தார். தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. அவர் கேட்டதோ ஒரு கேள்வி: இப்புள்ளி தோன்றுவதற்கு முன்னர் இலைக்குள் நிகழ்வது யாது?

அவர் மேற்கொண்ட முறை எளியது, ஆனால் ஒழுங்கானது. நோயுற்ற தோட்டத்தில் நின்று ஊகிப்பதை விடுத்து, நோயைத் தம் கண்முன்னே தாமே உண்டாக்கிப் பார்த்தார். நலமான இலையொன்றில் குறித்த இடத்தில் நீர்த்துளியில் வித்திகளை வைத்தார். ஒரு நாளுக்குள் வித்தி முளைத்து நுண்ணிய குழாயொன்றை விட்டது. அக்குழாய் இலையின் கீழ்ப்புறத்திலுள்ள இலைவாய் வழியே உள்ளே புகுந்தது. உள்ளே பூஞ்சண இழைகள் பரவின. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின்னரே வெளியே மஞ்சட் புள்ளி தோன்றியது. அதன் பின்னரே செம்மஞ்சட் தூள். வித்தி வைத்த இடத்தில் நோய் வந்தது. வைக்காத இடம் தூய்மையாக நின்றது. ஈரமில்லையேல் வித்தி முளைக்கவில்லை. இவ்வாறு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, மண்ணும் உரமும் முதற்காரணங்களல்ல என விலக்கினார்.

வித்தி ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குச் செல்வது எவ்வாறு என்பது அடுத்த வினா. கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைக் கோப்பி மரங்களிடையே வைத்தார். காற்றில் வந்த வித்திகள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. ஒரு புள்ளியிலேயே இலட்சத்துக்கு மேற்பட்ட வித்திகள் உண்டாகக்கூடும் எனவும் கணக்கிட்டார். பருவக்காற்றோடு நோய் பெருகியதன் காரணம் இப்போது விளங்கிற்று: காற்று வித்தியைக் கொண்டு வந்தது, மழை அதனை முளைக்கச் செய்தது.

வார்டுக்கு முன்னர் பேராதனையில் பணிபுரிந்த டானியல் மொரிஸ் முதலியோர், கோப்பிக் கிளைகளிலும் பட்டைகளிலும் படர்ந்திருந்த நுண்ணிய இழைகளை இந்நோய்ப் பூஞ்சணத்தின் ஒரு நிலையெனக் கருதினர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவியபோது அவ்விழைகள் அழிந்தன. ஆகவே மருந்து பலித்தது என நம்பினர். வார்டு அவ்விழைகளை ஆராய்ந்து, அவை வேறு பூஞ்சணங்களுக்குரியவை, இலைநோயோடு தொடர்பற்றவை எனக் காட்டினார். மருந்து தான் தொட்ட பொருளை அழித்தது உண்மையே. ஆனால் அப்பொருள் குற்றவாளியன்று. உழைப்பும் நேர்மையும் மிக்க அறிஞரும் தவறான இடத்தில் வெற்றி காணக்கூடும் என்பதற்கு இது சான்று.

கணினிச் செய்நிரலில் வழு தேடுவோர் நாள்தோறும் நடக்கும் பாதையும் இதுவே. முதலில், பிழையைத் தாம் விரும்பியபோது மீண்டும் தோன்றச் செய்கின்றனர். மீண்டும் தோன்றச் செய்ய இயலாத பிழையைத் தீர்த்துவிட்டதாக எவரும் துணிந்து சொல்ல முடியாது. அடுத்து, செய்நிரலைப் பாதி பாதியாகப் பிரித்து, பிழை எப்பாதியில் உள்ளது எனச் சுருக்கிக்கொண்டே செல்கின்றனர். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுகின்றனர். திருத்திய பின்னர், அதே சோதனையை மறுபடியும் நிகழ்த்துகின்றனர். திரையில் தவறான விடை தோன்றும் இடம் வழுவின் பிறப்பிடமன்று என்பதை அவர்கள் அறிவர். எங்கோ முன்னே எழுதிய ஒரு வரி ஓர் எண்ணைக் கெடுத்திருக்கும். அவ்வெண் பல கணக்குகளின் ஊடே சென்று அவற்றையும் கெடுத்திருக்கும். இறுதியில்தான் அது கண்ணுக்குப் புலப்படும். கணினி அறிஞர் அந்திரேயாஸ் செல்லர் 2005-இல் வெளியிட்ட நூலில், இந்த இடைநிலைக்குத் தொற்று என்னும் மருத்துவச் சொல்லையே பயன்படுத்துகிறார். கோப்பியிலைக்குள் இரண்டு வாரம் ஒளிந்து பரவிய இழைக்கும் அச்சொல் சாலப் பொருந்தும்.

இவ்விரு துறைகளுக்கும் இடையே ஓர் இடத்தொடர்பும் வாய்த்துள்ளது. இலங்கையை விட்டு 1882-இல் சென்ற வார்டு பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரானார். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1949-இல் எட்சாக் என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்த மோரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளில் பெரும்பகுதி தம்முடைய செய்நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பதை அந்நாளில் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அவருடன் பணிபுரிந்த ஸ்டான்லி கில் 1951-இல் எட்சாக் செய்நிரல்களின் தவறுகளைக் கண்டறிவது பற்றி அரச கழகத்தின் ஏட்டில் கட்டுரை வெளியிட்டார். கணினி நிறைவேற்றும் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பதிவு செய்து, எவ்விடத்தில் நெறி தவறியது எனக் காணும் முறை அதில் விளக்கப்பட்டது. நுணுக்குக்காட்டியின் கீழ் வித்தியின் பயணத்தைப் படிப்படியாகத் தொடர்ந்த வார்டின் முறையும் அதுவே.

கணினி வழுவுக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 1947 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கணினியொன்றின் உள்ளே அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டதையும், அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்ததையும் பலர் கேட்டிருப்பர். பெயர் அன்றே பிறந்ததெனச் சொல்வது பொருந்தாது. எடிசன் 1878-இலேயே இயந்திரக் குறைபாடுகளை அச்சொல்லால் குறித்திருக்கிறார். எனினும் அப்பூச்சி நினைவில் வைக்கத்தக்கது. ஏனெனில் அதனைக் கண்டெடுத்தவர்கள் பூச்சியை எறிந்துவிட்டு அகலவில்லை. எங்கே எப்போது கண்டோம் என எழுதி வைத்தார்கள். எழுதி வையாத பிழை மறுபடியும் வரும்.

வார்டின் அறிக்கைகள் 1880-இலும் 1881-இலும் வெளிவந்தன. தோட்டத்துரைமார் ஏமாற்றமடைந்தனர். காரணத்தைத் தெளிவாகக் காட்டினார். தீர்வை அவர் கையில் அவர்கள் காணவில்லை. உண்மையில் தீர்வின் இலக்கணம் அவ்வறிக்கைகளிலேயே இருந்தது. புள்ளி தோன்றிய பின்னர் மருந்திடுவது பயனற்றது. வித்தி இலைக்குள் புகுமுன் இலையின் மேற்பரப்பைக் காத்தல் வேண்டும். ஆயின் மழையில் கழுவப்படாமல் இலையில் ஒட்டி நிற்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையின் பயனை மில்லார்தே என்னும் அறிஞர் வெளியிட்டது 1885-இல். இலங்கைக் கோப்பிக்கு அது காலம் கடந்த செய்தி.

1884-இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துத் தாங்கிய ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, பல கைவிடப்பட்டன, தொழிலாளரின் கூலி நிலுவையாயிற்று. ஊர் திரும்பக் கைப்பொருளின்றித் தவித்தோரின் துயரம் அறிக்கைகளில் சில வரிகளிலேயே இடம் பெற்றது. பத்தாண்டுகளில் கோப்பி மலைநாட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் இட்ட தேயிலை, கோப்பி வீழ்ந்தபோது வழிகாட்டியாக நின்றது. 1890களில் தேயிலை நிலம் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டுமே ஆட்கள் வேண்டும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். வந்து திரும்பிய மக்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். மலையகத் தமிழர் என்னும் நிலையான சமூகம் உருவாவதற்கு இம்மாற்றம் பெருங்காரணமாயிற்று. ஓர் இலையின் கீழ்ப்புறத்தில் தோன்றிய புள்ளி ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றையே திருப்பிவிட்டது.

வார்டு மற்றொன்றையும் சுட்டிக் காட்டினார். நோய்ப் பூஞ்சணம் வலியது என்பது மட்டும் காரணமன்று. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை இட்டமையே அதற்கு நெடுஞ்சாலை அமைத்துக் கொடுத்தது. காற்றைத் தடுக்கும் மரவரிசைகள் வேண்டும் என்றார். அதாவது, பிழை ஒரு செடியில் இல்லை. தோட்டம் முழுவதும் அமைக்கப்பட்ட முறையிலேயே இருந்தது. கணினி உலகமும் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பிய நாடுகள் ஏவிய ஏரியன் 5 ஏவுகணை ஏறத்தாழ 40 வினாடிகளில் சிதறியது. முன்னைய ஏவுகணையில் குறையின்றி இயங்கிய செய்நிரற் பகுதி ஒன்று புதிய ஏவுகணையின் வேகத்தில் கொள்ளளவுக்கு மிஞ்சிய எண்ணைச் சந்தித்துச் செயலிழந்தது. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என இரண்டு கருவிகளை அமைத்திருந்தனர். ஆயின் இரண்டிலும் ஒரே செய்நிரல். ஆகவே இரண்டும் ஒரே காரணத்தால் ஒருங்கே வீழ்ந்தன. ஒரே பயிர் நிறைந்த மலைக்கும் ஒரே செய்நிரல் நிறைந்த ஏவுகணைக்கும் நேர்ந்த கதி ஒன்றே.

அவ்வாறாயின் பேராதனையில் வார்டு செலவிட்ட இரண்டு ஆண்டுகளும் வீணோ? அன்று, அவை வீணெனவே பலர் கருதினர். வரலாறு வேறு விடை தருகிறது. 1946-இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியது. அசாமில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த அப்பூஞ்சண நோய் இளங்கொழுந்தையே தாக்குவது. பறிக்கும் கொழுந்தே பண்டம் ஆதலின் அச்சம் கோப்பிக் காலத்தினும் பெரிது. ஆயினும் இம்முறை மலைநாடு வெறுங்கையோடு நிற்கவில்லை. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நோய் புகுமுன் இலையைக் காக்க வேண்டும் என்னும் அறிவு இருந்தது. இலையில் ஒட்டி நிற்கும் செம்பு மருந்துகளும் இருந்தன. மருந்து தெளித்து நோயைக் கட்டுக்குள் கொணர்ந்தனர். கோப்பி மாண்டது, தேயிலை மாளவில்லை. பிரேசில், கொலம்பியா போன்ற நாடுகளில் கோப்பி இலைத்துருவை எதிர்த்து நிற்போரும், தென்னிந்தியாவின் குடகு மலைகளில் பருவமழைக்கு முன்னர் மருந்து தெளிப்போரும், வார்டு கண்ட அதே உண்மையின் மேல்தான் நிற்கின்றனர்.

பேராதனைப் பூங்காவுக்கு அண்மையில் இன்று பல்கலைக்கழகம் விளங்குகிறது. அதன் பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியல் கற்கும் மாணவர், தாம் எழுதிய செய்நிரல் ஏன் தவறுகிறது என இரவு வரை தேடுகின்றனர். மகாவலிக் கரையில், அவர்களுக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் இளைஞர் நீர்த்துளி ஒன்றின் மேல் குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் கண்ட விடை அவருக்குப் பணம் தந்தோரைக் காப்பாற்றவில்லை. எனினும் அதனை ஒழுங்காகக் கண்டு, ஒழுங்காக எழுதி வைத்தமையால், பின்வந்தோரின் பயிரைக் காக்க அது உதவிற்று.